மடி கொடுத்த மாமன்

திண்டுக்கல்லில் ஒருவரைப் புதிதாகப் பார்த்தால், டீ ஆறுவதற்குள் அவருடைய பூர்வோத்தரத்தை வாங்கிவிடுவார்கள். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று ஆரம்பிக்கும். என்ன ஆட்கள் என்று மட்டும் யாரும் நேராகக் கேட்பதில்லை. குலசாமி எங்கே என்பார்கள், சொந்தபந்தமெல்லாம் எந்தப் பக்கம் என்பார்கள். கிறிஸ்துராஜிடம் இப்படிக் கேட்டவர்கள் எல்லாரும் கடைசியில், சேருக்கு என்ன வாடகை என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். அந்த ஒன்றுக்குத்தான் அவரிடம் பதில் இருந்தது.

மேட்டுப்பட்டியில் அவர் பந்தல் சாமான் கடை வைத்திருந்தார். சேர், டேபிள், அண்டா, கரண்டி, சாமியானா எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். கன்னியர் மடம் நடத்திய பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்தவர். கிறிஸ்து அரசர் திருநாளன்று காலைப் பூசைக்குக் கதவைத் திறந்தபோது வாசலில் கிடந்தாராம். அதனால் இந்தப் பெயர். ஒரு வாரம் முந்தியோ பிந்தியோ கிடந்திருந்தால் வேறு பெயரோடு இதே கடையை வைத்திருப்பார். அவரை வளர்த்த ஆனந்தமேரி சிஸ்டர், "நீ ஆண்டவரோட பிள்ளைடா" என்று சொல்லிக் கொடுத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் அதைப் பெருமையாகச் சொன்னபோது பக்கத்துப் பையன் செத்த நேரம் யோசித்துவிட்டு, "அது சரி, ஆண்டவர் என்ன ஆளுக?" என்று கேட்டான். வேதக்காரர்கள் என்றாலும் அதற்குள்ளும் எந்த வேதக்காரர்கள் என்று கேட்கிற ஊர் இது. பையனைக் குறை சொல்ல முடியாது.

மனைவி கிளாராவும் அதே இல்லத்தில் வளர்ந்தவர்தான். இரண்டு பக்கமும் பத்திரிகை கொடுக்கச் சொந்தம் இல்லாத கல்யாணம் என்பதால் சோறு ஏராளமாக மிஞ்சியது. பத்துப் பேரைக் கூப்பிட்டால் நாற்பது பேர் வருகிற ஊரில், சோறு மிஞ்சிய கல்யாணம் என்று அது கொஞ்ச நாள் பேசப்பட்டது.

இப்படிப்பட்ட மனிதர் ஊருக்கே தாய்மாமன் ஆனது சின்னாளபட்டியில் நடந்த ஒரு காதுகுத்தில்.

வீட்டுக்காரர் சேதுபதி, சுங்குடிச் சேலை வியாபாரம். வாசலுக்கு வெளியே தமிழும் வாசலுக்கு உள்ளே தெலுங்கும் பேசுகிற நெசவுக் குடும்பம். அவர் கல்யாணம் செய்திருந்த சூர்யகலா கீரனூர்க்காரி, விவசாயக் குடும்பம், வேறு ஆட்கள். இரண்டு பேரும் கல்லூரியில் பார்த்து, பழனியில் மாலை மாற்றிக்கொண்டவர்கள். சேதுபதி வீட்டில் ஒரு வருஷம் முறைத்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். கீரனூரில் தலைமுழுகிவிட்டார்கள். தலைமுழுகுவது என்றால் பேச்சுக்கு இல்லை, உண்மையிலேயே வாய்க்காலில் குளித்துவிட்டு வந்தார்களாம்.

மூத்த பெண் யுவராணிக்குக் காது குத்து. சாமியானா கட்டி, அண்டா இறக்கிவிட்டு, கிறிஸ்துராஜ் ஓரமாகக் கரண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஆசாரி ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு, "மடி யாரு?" என்று கேட்டார். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். பள்ளிவாசல் போகிறவர்களாக இருந்தாலும் மாதா கோவில் போகிறவர்களாக இருந்தாலும், இந்த மண்ணில் மாமன் இல்லாமல் விசேஷம் இல்லை. சாமியை மாற்றிக்கொண்டவர்கள்கூட மாமனை மாற்றிக்கொள்ளவில்லை.

சூர்யகலா தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இரண்டு அண்ணன்கள். தகவல் சொல்லி அனுப்பியிருந்தாள். பஸ் வந்தது, போனது. அடுத்த பஸ்ஸும் வந்து போனது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று சேதுபதியின் அத்தைமார்கள் தெலுங்கில் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். சூர்யகலாவுக்கு அப்போது தெலுங்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அந்த முணுமுணுப்பு எந்தப் பாஷையிலும் புரியும்.

அவள் திரும்பி, கரண்டி எண்ணிக்கொண்டிருந்தவரைப் பார்த்தாள். "ஏனுங்கண்ணா, சித்த வந்து உக்காருங்களேன்" என்றாள்.

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிள்ளை வீறிட்டு அழுது, அவர் வேட்டியை நனைத்து, கையையும் கடித்துவிட்டது. இந்தப் பிள்ளைக்கு நான் என்ன வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோதே, அந்த வீட்டுப் பெண் ஒருத்தி சந்தனத்தை நீட்டி, "மாமாவுக்குக் குடுங்க" என்றாள். அந்த நிமிஷம்வரை அவரை யாரும் முறை வைத்துக் கூப்பிட்டதில்லை. அவருக்குக் கண் கலங்கியதை, பிள்ளை கடித்ததால் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

விஷயம் பரவிவிட்டது. சாதி மாறிக் கட்டியவர்கள், மதம் மாறிக் கட்டியவர்கள், சொத்துத் தகராறில் அண்ணன் தம்பியோடு பேச்சில்லாதவர்கள் என்று திண்டுக்கல்லில் மாமன் இல்லாத வீடுகள் இவ்வளவு இருக்கின்றன என்பது கிறிஸ்துராஜுக்கே அப்போதுதான் தெரிந்தது. சாமியானா பேச வருகிறவர்கள் கடைசியில் தயங்கி, "அப்பிடியே ஒரு விசயம்" என்பார்கள். காதுகுத்துக்கு மடி கொடுத்தார். சடங்கான பெண்களுக்குப் பச்சை ஓலைக் குடிசை கட்டினார். பேகம்பூரில் ஜீனத் என்ற பெண், தன் பையனின் சுன்னத்துக்கு மாமனாக வந்து மாலை போடச் சொன்னாள். அதையும் போட்டார். எல்லா வீட்டிலும் முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். எல்லா வீட்டிலும் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க" என்றார்கள்.

அந்த நன்றிதான் அவருக்குத் தொண்டையில் மாட்டிய முள். நிஜ மாமன்களை அவர் எத்தனையோ மண்டபங்களில் பார்த்திருக்கிறார். எவனுக்கும் யாரும் நன்றி சொன்னதில்லை. ஒருமுறை, மாலையை வேறொருவருக்கு முதலில் போட்டுவிட்டார்கள் என்று ஒரு தாய்மாமன் இலையை விட்டு எழுந்து ரோட்டுக்குப் போய்விட்டார். மொத்த மண்டபமும் பின்னாலேயே ஓடியது. காலில் விழாத குறை. "அம்புட்டு எளப்பமாப் போயிட்டனா நான்?" என்று அவர் கத்திய அழகை, எச்சில் தட்டுகளை அடுக்கியபடி கிறிஸ்துராஜ் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிக் கோபித்துக்கொள்ளத் தனக்கு ஒரு இடம் உலகத்தில் இல்லை என்று அன்றைக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. வீட்டுக்கு வந்து கிளாராவிடம் சொன்னார். "சண்டை போட ஆள் வேணும்னா நான் இருக்கேன்ல" என்றார் கிளாரா.

மற்ற வீடுகளில் விசேஷத்தோடு சரி. சூர்யகலா வீட்டில் மட்டும் அது நிற்கவில்லை. காதுகுத்து முடிந்து வந்த தைப்பொங்கலில், தெருவில் எல்லாப் பெண்களுக்கும் பிறந்த வீட்டுச் சீர் வந்து இறங்கியது. அந்த நேரம் சேர் எடுக்க அந்தத் தெருவுக்குப் போயிருந்த கிறிஸ்துராஜ், சூர்யகலா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்ததைப் பார்த்தார். மறு வருஷம் பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு கட்டுக் கரும்பு, ஒரு சேலை எல்லாம் டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டு போனார். கரும்பைப் பிடித்துக்கொள்ள மகன் பிராங்கிளினைப் பின்னால் உட்கார வைத்தார். சூர்யகலா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எங்கண்ணன் வந்திருக்காரு" என்றாள். சேதுபதி மரியாதையாக, "எதுக்கு சார் இதெல்லாம், ரொம்ப நன்றி" என்றார். விசேஷத்தன்று நாலு பேர் முன்னால் மச்சான், மற்ற நாளில் சார். அது அவருடைய கணக்கு.

இருபது வருஷத்துக்கு மேல் ஒரு பொங்கலும் தவறவில்லை. கரும்பு பிடிக்கப் போன பிராங்கிளின் வளர்ந்து, டிப்ளமோ முடித்து, மோட்டார் கம்பெனியில் சர்வீஸ் அட்வைசர் ஆனான். காது குத்தும்போது கடித்த யுவராணி பி.காம். முடித்து ஆடிட்டர் ஆபீசுக்குப் போனாள். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி பிராங்கிளின் சொன்னான்.

"அப்பா, யுவராணியும் நானும் பேசிக்கிட்டிருக்கோம். நீங்க வந்து மாமாகிட்ட கேக்கணும்."

கிறிஸ்துராஜ் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். முறைக்கு ஒரு குறையும் இல்லை. மாமன் மகன், அத்தை மகள். ஊரே கைகாட்டுகிற பொருத்தம்.

"கேக்க வேணாம்" என்றார்.

"ஏன்ப்பா? அவுங்களே சாதி மாறிக் கட்டுனவுகதான?"

"அதாலதான் சொல்றேன். ஒரு தடவ பட்டவுக மறுபடி படமாட்டாக. இங்க பாரு, கேக்காத வரைக்கும் நான் மாமன். கேட்டா, நான் யாருன்னு அவுக சொல்லிருவாக. எனக்கு அதக் கேக்க வேணாம்."

பிராங்கிளின் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான். கிளாரா வெஞ்சனச் சட்டியை மூடுகிற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

கார்த்திகையில் சேதுபதியே கடைக்கு வந்தார். யுவராணிக்கு சேலத்தில் தங்கள் ஆட்களிலேயே மாப்பிள்ளை அமைந்திருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றுகிறார்கள். பெண்ணின் அம்மா வேறு ஆட்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பிறந்த வீட்டோடு ஒன்று சேர்ந்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டுமாம், தாய்மாமன் வந்து சபையில் உட்கார வேண்டுமாம்.

"கீரனூர்க்கு ஆள் விட்டேன். அசையல. நீங்கதான் வரணும் மச்சான்" என்றார். சாதாரண நாளில் மச்சான் என்றதும் கிறிஸ்துராஜுக்குப் பின்னால் ஏதோ வருகிறது என்று தெரிந்துவிட்டது. "பேரு மட்டும் ராஜுன்னு சொல்லிக்கலாம். நெத்தியில லேசா விபூதி வச்சுக்கங்க. கழுத்துல அந்த மாதா படத்து உத்தரியம் வெளிய தெரியாமப் பாத்துக்கங்க."

"பாப்பாவுக்குச் சம்மதமா?"

"அது சின்னப் புள்ள. அதுக்கென்ன தெரியும்."

கிறிஸ்துராஜ் வருகிறேன் என்றார். வரமாட்டேன் என்று சொன்னால் எந்த உரிமையில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஞாயிறு காலை பூசை முடிந்து வந்தபோது, பிராங்கிளின் அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் போட்டுவிட்டு எங்கேயோ போயிருந்தான். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

சேதுபதி வீட்டில் அன்றைக்கும் அண்டா, சேர், ஜமுக்காளம் எல்லாம் கிறிஸ்துராஜுடையதுதான். மாமன் வீட்டுச் சாமான் என்று வாடகை வாங்கமாட்டார். அதற்கும் ஒவ்வொரு முறையும் நன்றி சொல்வார்கள். அவர் விபூதி பூசிக்கொண்டு தன்னுடைய ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். எதிரே சேலத்து மாப்பிள்ளையின் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். நேரம், திசை, வெற்றிலையின் நுனி எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் கவனிக்கிற மனிதர். தட்டில் வாழைப்பழச் சீப்பு தலைகீழாக இருந்ததை வந்தவுடனே திருப்பி வைத்தவர்.

"தாய்மாமங்காரருக்கு ஊரு எதுங்க?" என்றார்.

"திண்டுக்கல்லுங்க."

"பூர்வீகம்?"

"அதுவும் திண்டு..."

"கீரனூர் பக்கம்" என்று சேதுபதி குறுக்கே விழுந்தார். "இப்ப இங்க பிசினஸ்."

"குலதெய்வம்?"

கிறிஸ்துராஜ் வாயைத் திறப்பதற்குள், "முனியப்பன்" என்றார் சேதுபதி. முனியப்பன் எல்லாப் பக்கமும் இருப்பார் என்ற தைரியம். பெரியப்பா தலையாட்டினார். கிறிஸ்துராஜுக்கு இப்படியாக அரை நிமிஷத்தில் ஒரு சொந்த ஊரும் ஒரு குலசாமியும் கிடைத்தன. அறுபது வருஷம் இல்லாமல் இருந்தது இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கிடைத்ததில் சந்தோஷமும் இல்லை.

தட்டு வந்தது. எல்லாரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"சபைக்கு ஒரு வார்த்தைங்க. தாய்மாமனுக்கு உரிமை இருக்குது. கட்டுற வயசுல உங்க வீட்டுல பையன் இருந்தா, எங்களுக்கு வேண்டாம், நீங்க எடுத்துக்கங்கன்னு நீங்க உங்க வாயால சொல்லோணும். அப்புறந்தான் தட்டு."

இது எல்லா நிச்சயத்திலும் கேட்கிற கேள்வி. எல்லா மாமனும் "சம்மதம்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போவான். மேளக்காரர் வாசிக்கத் தயாராக இருந்தார். ஊரையும் சாமியையும் சொன்ன மாதிரி இதற்கும் சேதுபதி பதில் சொல்லிவிடுவார் என்று கிறிஸ்துராஜ் ஒரு கணம் காத்திருந்தார். ஆனால் இந்தக் கேள்விக்கு மாமனைத் தவிர வேறு யாரும் பதில் சொல்லக் கூடாது. சபை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

உனக்கு என்ன உரிமை என்று அவரை உலகம் பலமுறை கேட்டிருக்கிறது. உனக்கு உரிமை இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்கிறாயா என்று யாரும் கேட்டதில்லை. இல்லாத ஒன்றை விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள் என்றால் அது இருக்கிறது. அறை வாசலில் சூர்யகலா நின்றாள். அன்றைக்குத் தெருமுனையைப் பார்த்த மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பையன் இருக்கான்ங்க" என்றார்.

"கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

"ஆகலைங்க."

"அப்ப வேண்டாம்னு சொல்லுங்க."

"அவனுக்கு வேணுமாம்ங்க. பொண்ணுக்கும் வேணுமாம். நான் யார்கிட்டயும் கேக்கல. நீங்க கேட்டீங்க, சொல்லிட்டேன்."

உள்ளே யாரோ யுவராணியைக் கேட்டிருக்க வேண்டும். "ஆமா" என்று அவள் குரல் தெளிவாக வெளியே வந்தது.

சேதுபதி, "அவரு வந்து, நெசத்துல..." என்று ஆரம்பித்து, அங்கேயே நின்றுவிட்டார். இவர் நிஜ மாமன் இல்லை என்றால், பொய் மாமனை வைத்து சபையை ஏமாற்றியதாக ஆகும். நிஜ மாமன் என்றால், உரிமைக்காரன் இருக்கும்போது வெளியே பெண் கொடுக்கப் பார்த்ததாக ஆகும். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் தாமே கட்டிய சுவர்.

பெரியப்பா எழுந்து வேட்டியை உதறினார். "உரிமையுள்ள பையனை வீட்டுல வச்சுக்கிட்டு எங்கள எதுக்குங்க இம்புட்டுத் தூரம் அலைய விட்டீங்க? எங்க குடும்பத்துல முறை தாண்டிப் பொண்ணு எடுத்த பழக்கம் இல்லைங்க." கோபமெல்லாம் சேதுபதி மேல்தான். கிறிஸ்துராஜிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சபையில மறைக்காமச் சொன்னீங்க. மாமன்னா நீங்க மாமன்" என்றார். கொண்டுவந்த தட்டுகளைக் கணக்குப் பார்த்து வேனில் ஏற்றினார்கள். வாழைப்பழச் சீப்பையும் மறக்கவில்லை.

வேன் தெருமுனை திரும்பியதும் சேதுபதி வெடித்தார்.

"ஏய்யா, நீயெல்லாம் ஒரு மச்சானா? ஒன்னைய நம்பிச் சபையில உக்கார வச்சா, எம் பொண்ணு நிச்சயத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே. இனிமே என் வாசப்படிய மிதிச்ச, நடக்குறதே வேற. போய்யா வெளிய."

தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சேதுபதியைப் பிடித்துக்கொண்டு, "விடுங்கப்பா, மாமன் மச்சானுக்குள்ள ஆயிரம் இருக்கும்" என்றார். இன்னொருவர் கிறிஸ்துராஜின் தோளைத் தட்டி, "மச்சான் கோவம் மார்கழி தாண்டாது, நீங்க கெளம்புங்க" என்றார். கிறிஸ்துராஜ் தலையைக் குனிந்தபடி வண்டியை எடுத்தார். நன்றி சொல்ல யாரும் வரவில்லை.

வீட்டு வாசலில் கிளாரா நின்றுகொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"சேதுபதி மாப்ள சண்ட போட்டுட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"வாசப்படிய மிதிக்கக் கூடாதாம். தெருவே பாத்துச்சு. நீ வா போன்னு பேசிட்டாரு."

"அதுக்கு எதுக்குச் சிரிக்கிறீக?"

"சிரிக்கலயே" என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"மொதல்ல விபூதியத் தொடைங்க" என்றார் கிளாரா. அவர் குரலும் சரியாக இல்லை.

ஆனால் சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. மார்கழி முழுக்க சின்னாளபட்டியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. யுவராணியின் போன் பிடுங்கப்பட்டு, பிறகு ஆபீஸ் வேலைக்கு வேண்டும் என்று திருப்பிக் கொடுக்கப்பட்டது. சூர்யகலாவும் பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவர் கொடுத்து அனுப்பிய கேக் திரும்பி வரவில்லை. அதை ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளலாமா என்று கிறிஸ்துராஜ் யோசித்துக்கொண்டே இருந்தார். பொங்கல் நெருங்கியது. போனால் மானம் போகும். போகாவிட்டால், ஒரு சபை ஒப்புக்கொண்ட மாமன் சீர் கொண்டுபோகாத ஆளாகிவிடுவார். கடைசியில் சந்தைக்குப் போனார். தாமதமாகப் போனதால் நல்ல கரும்பெல்லாம் போய்விட்டது. இருந்ததைக் கட்டிக்கொண்டார்.

பிராங்கிளின் பின்னால் கரும்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

சேதுபதி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வண்டி நின்றதைப் பார்த்ததும் முகத்தைத் தெருவின் மறுபக்கம் திருப்பிக்கொண்டார். கிறிஸ்துராஜ் வாசற்படிக்கு வெளியே நின்றார். பானையையும் அரிசியையும் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். படியை மிதிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே.

உள்ளிருந்து சூர்யகலா வந்தாள். "வாங்கண்ணா" என்று பானையை வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் கதவருகே யுவராணி நின்றாள். கரும்போடு நின்ற பிராங்கிளின் தரையைப் பார்த்தான்.

சேதுபதி திரும்பாமலே, ஓரக்கண்ணால் கரும்புக் கட்டைப் பார்த்தார். அப்புறம் மனைவியைப் பார்த்துச் சொன்னார்:

"கரும்பா இது? போன வருசத்துல பாதிகூட இல்ல. சேலை என்ன வெலை இருக்கும்? உங்கண்ணன் வரவரக் கையச் சுருக்கிட்டாரு. இந்த லட்சணத்துல இவுக வீட்டுக்குப் பொண்ணு வேற கேக்குறாக."

கிறிஸ்துராஜ் இன்னும் பெண் கேட்டிருக்கவில்லை. சீர் சின்னதாக இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் எந்த வீட்டிலும் யாரும் அவரிடம் சொன்னதும் இல்லை. பதில் சொல்லலாம் என்று பார்த்தார். அப்புறம் மகன் பக்கம் திரும்பினார்.

"ஏலே பிராங்கிளின்" என்றார் ஒருவழியாக. "கரும்பக் கொண்டுபோய் உள்ள வைடா. உங்க மாமா பேசிக்கிட்டேதான் இருப்பாரு."

வாசற்படியை மிதித்து முதலில் அவர் உள்ளே போனார்.